நகல் இருக்கிறதா? எடுத்துக் காட்டுங்கள்!

மாணவ நண்பர்களே, சாலையோரம் பள்ளம் தோண்டும்போது நின்று வேடிக்கை பார்த்திருக்கிறீர்களா? அடுத்த முறை பாருங்கள். மண்ணுக்கடியில் கைவிரல் பருமனுக்குக் குழாய்கள் தென்படும். அவற்றுள் சிலவற்றில் தண்ணீரும் இராது, மின்சாரமும் ஓடாது. தலைமயிர் போன்ற கண்ணாடி இழைகள் இருக்கும். அவற்றின் வழியே ஒளி ஓடுகிறது. அந்த ஒளியில் உங்கள் அப்பாவின் வங்கிக் கணக்கும், அக்காவின் மதிப்பெண் பட்டியலும், யாரோ அனுப்பிய திருமணப் புகைப்படமும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அயோத்தியாப்பட்டணத்தில் இப்படி ஒரு பள்ளத்தால் நான் ஒரு பாடம் கற்றேன். கணிப்பொறிப் பழுது பார்ப்பது என் தொழில். அந்த ஊர்ப் பக்கம் விவசாயிகளுக்குக் கடன் கொடுக்கும் ஓர் அலுவலகம் இருக்கிறது. பெயர் வேண்டாம். ஒருநாள் காலை அங்கே கணக்குகள் இருந்த கணிப்பொறியின் வட்டு நின்றுபோயிற்று. அலுவலர்கள் பதறவில்லை. "சேலத்தில் நகல் இருக்கிறது சார், இங்கே எழுதுவதெல்லாம் உடனுக்குடன் அங்கேயும் போய்விடும்" என்றார்கள். சுவரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இணைப்பு நலம் என்பது அதன் பொருள்.

சேலத்து நகலைத் திறந்து பார்த்தோம். கடைசியாகப் பதிவான வரவு மூன்று மாதத்துக்கு முந்தையது.

அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர் வந்தார். மஞ்சள் பையிலிருந்து ரப்பர் வளையம் போட்ட ரசீதுக் கட்டை எடுத்தார். "தம்பி, மூணு மாசமும் தவறாம கட்டியிருக்கறனுங்க. பாக்கின்னு நோட்டீஸ் வந்தா நான் யாருகிட்டப் போயிச் சொல்றது?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஏன் இப்படி நேர்ந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில், தொலைவில் நகல் வைப்பது என்றால் என்ன என்று பார்ப்போம்.

பெரிய நிறுவனங்களில் தகவல்கள் ஒரே வட்டில் இருப்பதில்லை. பல சேமிப்புப் பெட்டிகள் ஒன்றுசேர்ந்த ஒரு கொத்தாக, ஒரு களஞ்சியமாக இருக்கும். அந்தக் கட்டடத்தில் தீப்பிடித்தால்? வெள்ளம் புகுந்தால்? அதற்காக வேறோர் ஊரில் அதே போன்ற இன்னொரு களஞ்சியம் அமைக்கிறார்கள். இங்கே ஓர் எழுத்து எழுதினால் அங்கேயும் அது எழுதப்பட வேண்டும். சொல்வதற்கு எளிது. ஆனால் எப்போது எழுதப்பட வேண்டும் என்ற கேள்வி எழுந்ததும் பௌதிகம் குறுக்கே வந்து நிற்கிறது.

கண்ணாடி இழைக்குள் ஒளியின் வேகம் விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர். மும்பையிலிருந்து சென்னை ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். ஒரு செய்தி போய்ச் சேர 5 மில்லி விநாடி, "எழுதிவிட்டேன்" என்ற பதில் திரும்பி வர இன்னொரு 5. ஆகப் பத்து. ஒவ்வொரு பதிவுக்கும் பதில் வரும்வரை காத்திருந்து அடுத்ததை எழுதுவதானால், ஒன்றன்பின் ஒன்றாக விநாடிக்கு 100 பதிவுகளுக்கு மேல் முடியாது. நகல் 10 கிலோமீட்டரில் இருந்தால் போய்வர 0.1 மில்லி விநாடிதான். விநாடிக்கு 10,000 பதிவுகள் எழுதலாம். எவ்வளவு பணம் கொடுத்தாலும் கண்ணாடிக்குள் ஒளியை இதைவிட வேகமாக ஓடச் செய்ய முடியாது. (உண்மையில் இழை நேர்கோட்டில் போவதில்லை, சாலையோடும் ரயில் பாதையோடும் வளைந்து போகிறது. ஆகவே தாமதம் இன்னும் கூடும்.)

எனவே இரண்டு வழிகளைக் கையாளுகிறார்கள். அருகிலுள்ள நகலுக்குக் காத்திருந்து எழுதுவது ஒன்று. தொலைவிலுள்ள நகலுக்குக் காத்திராமல், சற்றுப் பின்தங்கி அனுப்பிவைப்பது மற்றொன்று. முதலாவதில் ஒரு பதிவும் இழப்பாகாது, ஆனால் அருகில் இருப்பதால் ஒரே வெள்ளத்தில் இரண்டும் மூழ்கலாம். இரண்டாவதில் வெள்ளத்துக்குத் தப்பலாம், ஆனால் கடைசிச் சில நிமிடங்களின் பதிவுகள் போய்விடலாம். பெரிய நிறுவனங்கள் இரண்டையும் வைத்துக்கொள்கின்றன. நம் நாட்டின் தேசியப் பங்குச் சந்தைக்கு மும்பையிலேயே ஓர் அண்மை நகலும், சென்னையில் ஒரு தொலை நிலையமும் இருந்தன.

அப்படியிருந்தும் 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 24 அன்று என்ன நடந்தது தெரியுமா? முற்பகல் 11.40 மணிக்குச் சந்தை நின்றது. மீண்டும் தொடங்கியபோது மணி பிற்பகல் 3.45. வழக்கமாக மூடும் நேரமே 3.30தான்! அன்று மாலை 5 மணி வரை வர்த்தகத்தை நீட்டித்தார்கள். இடைப்பட்ட நேரத்தில் தேசியச் சந்தை மீண்டும் திறக்குமா என்று தெரியாமல், தரகர்கள் பலர் வாடிக்கையாளர்களின் கணக்குகளை மும்பைப் பங்குச் சந்தையில் கிடைத்த விலைக்கு முடித்துவிட்டார்கள். அதனால் நஷ்டப்பட்டவர்கள் உண்டு.

அடுத்த மாதம் பங்குச் சந்தை வெளியிட்ட விளக்கத்தில் காரணம் வந்தது. முதன்மை நிலையத்துக்கும் அண்மை நகலுக்கும் இடையே இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களின் இணைப்புகள் இருந்தன. இரண்டுமே தடுமாறின. முக்கியக் காரணம், இரு நிலையங்களுக்கும் இடைப்பட்ட சாலையில் நடந்த தோண்டல், கட்டுமான வேலைகள். ஆம், அயோத்தியாப்பட்டணத்துப் பள்ளம்தான், இடம்தான் மும்பை! இணைப்பு போனால் நகல் நிற்கலாம், அது இயல்பு. ஆனால் அன்று முதன்மைக் களஞ்சியமே எதிர்பாராத விதமாக நடந்துகொண்டு, அதை நம்பியிருந்த கணிப்பொறிகளுக்கு எட்டாமல் போயிற்று. வர்த்தகம் செய்யும் கணிப்பொறிகள் நலமாகவே இருந்தன. அபாயத்தைக் கணக்கிடும் பிரிவும் கண்காணிப்புப் பிரிவும் கண்ணிழந்தன. அவை இல்லாமல் வர்த்தகத்தை நடத்துவது பிரேக் இல்லாத பஸ்ஸை மலையிலிருந்து இறக்குவதற்கு ஒப்பாகும். நிறுத்தினார்கள்.

பாதுகாப்புக்காக வைத்த நகலே, அசல் நிற்பதற்கு வழியாயிற்று. இந்த விந்தையைச் சற்று நிதானமாக ஆராய வேண்டும்.

அண்ணன், தம்பி இருவர் பேரிலும் ஒரு வங்கிக் கணக்கு இருக்கிறது. இருவரும் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்கலாம் என்று ஏற்பாடு. மோசடி நடக்காது. ஆனால் தம்பி வெளியூரில் அகப்பட்டுக்கொண்டால் அண்ணனும் பட்டினி! "யாராவது ஒருவர் கையெழுத்துப் போதும்" என்று மாற்றினால் பட்டினி இல்லை. ஆனால் ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் எடுத்து, கணக்கு குழம்பும். களஞ்சியங்களின் நிலையும் இதுவே. இணைப்பு அறுந்தால், நகல் இல்லாமலே தொடர்ந்து எழுதுவதா, எழுதாமல் நிற்பதா? இதை இணைப்பு நலமாக இருக்கும்போதே தீர்மானிக்க வேண்டும். தீர்மானித்தால் மட்டும் போதாது, தீர்மானித்தபடிதான் இயந்திரம் நடக்கிறதா என்று இழையை உருவிப் பார்க்கவும் வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் வரவில்லை. அங்கே களஞ்சியம் செத்துவிட்டதா, அல்லது நடுவிலுள்ள இழை மட்டும் அறுந்ததா? இங்கிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரு பக்கமும் "மற்றவன் செத்தான், இனி நானே தலைவன்" என்று எழுதத் தொடங்கினால் என்ன ஆகும்? 2018-ஆம் ஆண்டு அக்டோபர் 21 அன்று கிட்ஹப் என்ற நிறுவனத்தில் ஏறக்குறைய அதுதான் ஆயிற்று. உலகெங்குமுள்ள நிரல் எழுதுவோர் தங்கள் நிரல்களைச் சேமிக்கும் இடம் அது. பழுதான ஒளியிழைக் கருவி ஒன்றை மாற்றும்போது அமெரிக்கக் கிழக்குக் கரையில் இணைப்பு 43 விநாடி அறுந்தது. அதற்குள் தானியங்கி ஏற்பாடு மேற்குக் கரையைத் தலைமையாக்கிவிட்டது. கிழக்கில் எழுதிய சில பதிவுகள் மேற்கில் இல்லை. மேற்கில் புதிதாக எழுதியவை கிழக்கில் இல்லை. சேவை மறுபடி முழுமையாகச் சீராக எவ்வளவு நேரம் ஆயிற்று? 24 மணி 11 நிமிடம்! 43 விநாடிக் கோளாறுக்கு ஒரு நாள் வைத்தியம்.

இதற்கு ஒரு பரிகாரம் உண்டு. மூன்றாவது ஓர் இடத்தில் ஒரு சிறு சாட்சிக் கணிப்பொறியை வைக்கலாம். யாருக்குச் சாட்சியின் குரல் கேட்கிறதோ அவர் எழுதலாம், கேட்காதவர் பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும். மூவரில் இருவர் சேர்ந்தால்தான் முடிவு. பஞ்சாயத்து முறைதான். சாட்சிக்குப் போகும் இழையும் அதே பள்ளத்தின் வழியே போனால் பயனில்லை என்பதை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

சரி, நகல் போவது நின்றுவிட்டது. பழுதை எப்படிக் கண்டுபிடிப்பது? "எல்லாவற்றையும் நிறுத்தி மறுபடி போடு" என்பது நம்மூர் வைத்தியம். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சில சமயம் வேலை செய்யும். ஆனால் காரணம் தெரியாமல் போகும், அடுத்த மாதம் திரும்பி வரும். வரிசையாகக் கேள்வி கேட்க வேண்டும். இழை இருக்கிறதா? இருந்தால், போதிய அகலம் இருக்கிறதா? ஒரு கணக்குப் பாருங்கள். காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை மணிக்கு 100 ஜிகாபைட் புதிய பதிவுகள் சேர்கின்றன. இணைப்பு மணிக்கு 80தான் சுமக்கும். மாலை 5 மணிக்கு நகல் 140 ஜிகாபைட் பின்தங்கியிருக்கும். அதன்பின் புதுப் பதிவு இல்லையென்றால் 6.45-க்கு அது அசலை எட்டிப் பிடித்துவிடும். இரவு எட்டு மணிக்கு வந்து பார்க்கும் அதிகாரிக்கு எல்லாம் சரியாகத் தெரியும்! வட்டு 4.59-க்கு நின்றிருந்தால் அன்றைய உழைப்பில் ஐந்தில் ஒரு பங்கு போயிருக்கும். ஆகவே "எவ்வளவு பின்தங்கியிருக்கிறது" என்ற அளவை நாள் முழுதும் குறித்துவைக்க வேண்டும். காய்ச்சல்காரருக்கு ஒரு வேளை மட்டும் தெர்மாமீட்டர் வைத்தால் போதுமா?

அடுத்து, எதிர்ப்பக்கத்து வட்டு நிரம்பிவிட்டதா? கடவுச்சொல்லோ சான்றிதழோ காலாவதி ஆகிவிட்டதா? இரு பக்கத்துக் கடிகாரங்களும் ஒத்துப்போகின்றனவா? இரு பக்கத்திலும் ஒரே பதிப்பு மென்பொருள்தானா? இவை அற்பமாகத் தோன்றும். நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் இந்த அற்பங்கள்தான்.

அயோத்தியாப்பட்டணத்து அலுவலகத்தில் இவை எதுவும் இல்லை. அங்கே நடந்தது இது: சாலையைத் தோண்டியபோது இழை அறுந்தது. தொலைத்தொடர்பு ஆட்கள் வந்து வேறொரு பாதை வழியாக இணைப்பைக் கொடுத்தார்கள். ரயில் பாதைக்கு அடியில் செல்லும் தாழ்ந்த கீழ்ப்பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் போகும், கார் போகும், வைக்கோல் ஏற்றிய லாரி போகாது. புதிய பாதை அத்தகையது. தகவல்கள் சிறு சிறு பொட்டலங்களாகத்தான் பயணம் செய்கின்றன. அந்தப் பாதை ஓரளவுக்கு மேல் பெரிய பொட்டலத்தை ஏற்கவில்லை, ஏற்கவில்லை என்று திருப்பிச் சொல்லவும் இல்லை. பச்சை விளக்கோ "இருக்கிறாயா?" "இருக்கிறேன்" என்ற குட்டிப் பொட்டலத்தை மட்டும் அனுப்பிச் சோதிப்பது. சைக்கிள் போய்வந்தது, விளக்கு எரிந்தது. லாரிகள் மூன்று மாதம் பாலத்தடியில் நின்றன. பொட்டலத்தின் அளவைக் குறைத்ததும் ஐந்து நிமிடத்தில் நகல் ஓடத் தொடங்கியது.

மென்பொருள் அறிவிக்கவில்லையா என்று கேட்பீர்கள். நாள்தோறும் அறிவித்தது. அந்த மின்னஞ்சல்கள், ஓய்வு பெற்றுப் போன ஓர் அலுவலரின் பெட்டியில் குவிந்து கிடந்தன.

சிற்றூர் அலுவலகம்தானே என்று சிரிக்க வேண்டாம். கிட்லேப் என்ற உலகறிந்த நிறுவனத்தில் 2017-ஆம் ஆண்டு ஜனவரி 31 அன்று நடந்ததைக் கேளுங்கள். அங்கே அசலுக்கும் நகலுக்கும் இடைவெளி கூடி, நகலெடுப்பு நின்றுவிட்டது. பழுது பார்த்த பொறியாளர், நகலைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க நினைத்தார். இரவு நேரம், களைப்பு. அழிக்கும் கட்டளையைத் தவறுதலாக அசலில் கொடுத்துவிட்டார். ஓரிரு விநாடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் 300 ஜிகாபைட்டில் மிஞ்சியது 4.5தான். பரவாயில்லை, அன்றாடம் எடுத்துவைக்கும் காப்புப் பிரதி இருக்கிறதே என்று போய்ப் பார்த்தார்கள். மென்பொருள் பதிப்பு பொருந்தாததால் அது வெகுநாளாக எடுக்கப்படவே இல்லை. "தோல்வி" என்று அறிவித்த மின்னஞ்சல்களை அஞ்சல் அமைப்பு ஏற்காமல் தள்ளிவிட்டிருந்தது! வேறொரு சோதனைக்காகச் சுமார் 6 மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்த ஒரு பிரதிதான் கைகொடுத்தது.

ஆனால் அந்நிறுவனம் செய்த ஒரு காரியத்துக்காக நான் அதை மதிக்கிறேன். மீட்பு வேலையை உலகமே பார்க்கும்படி நேரலையில் நடத்தியது. எங்கெங்கே தவறினோம் என்று விரிவாக எழுதியும் வெளியிட்டது. கிட்ஹப்பும் அவ்வாறே எழுதியது. நம் நாட்டில் ரயில் விபத்து நடந்தால் பாதுகாப்பு ஆணையர் விசாரணை நடத்துகிறார். தகவல் களஞ்சியங்கள் கவிழ்ந்தால் பெரும்பாலும் "தொழில்நுட்பக் கோளாறு" என்ற இரண்டே சொற்களோடு கதை முடிந்துவிடுகிறது. இது எனக்கு ஏற்புடையதல்ல. பட்டாவும் பத்திரமும் ஓய்வூதியமும் கணிப்பொறிக்குள் போய்விட்ட காலம் இது. பெரியவரின் பணம் எங்கே போயிற்று என்று அவருக்குச் சொல்லியாக வேண்டாமா? தவறு செய்தவரைத் தூக்கில் போடச் சொல்லவில்லை. எப்படித் தவறியது என்று எழுதி வையுங்கள், இன்னோர் ஊர்க்காரர் படித்துக்கொள்வார் என்கிறேன்.

"இதற்குத்தான் காகிதமே மேல்" என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். அந்த ரசீதுக் கட்டு காப்பாற்றியது உண்மையே. ஆனால் 1981-ஆம் ஆண்டு யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் நகல் இல்லாத ஓலைச்சுவடிகள் அவற்றில் இருந்தன. 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசுத் தகவல் மையம் தீப்பிடித்தது. அரசு ஊழியர்களின் கோப்புகள் 858 டெராபைட் சாம்பலாயின. அவற்றுக்கு வெளியிடத்தில் நகல் இல்லை. ஓலையோ வட்டோ, ஒரே இடத்தில் இருந்தால் ஒரே தீக்குச்சி போதும்.

நகல் வேண்டும், ஆனால் உபயோகித்துப் பார்த்த நகல் வேண்டும் என்பதே என் கட்சி. தீயணைப்பு ஒத்திகை போல இதற்கும் ஒத்திகை நடத்த வேண்டும். 2021 மார்ச்சில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி, கோளாறு நேர்ந்த 30 நிமிடத்துக்குள் அதைப் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும், அதிலிருந்து 45 நிமிடத்துக்குள் பணியை மீட்க வேண்டும் என்று விதித்தது. 2024-ஆம் ஆண்டு மார்ச் 2, மே 18 ஆகிய சனிக்கிழமைகளில் சந்தையைச் சிறப்பாகத் திறந்து, நடுவே மாற்று நிலையத்துக்கு மாறி, உண்மையான வர்த்தகத்தையே அங்கிருந்து நடத்திப் பார்த்தார்கள். நல்ல வழக்கம். சிற்றூர் அலுவலகங்களுக்கும் இது வர வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை போதும். செலவாகும், அன்று வேலை கெடும் என்று ஆட்சேபிப்பார்கள். மூன்று மாதக் கணக்கைத் திரும்ப எழுதுவதைவிட அது மலிவு.

நகல் அசலைப் போலவே இருக்கிறதா என்று சரிபார்ப்பது எப்படி? இதை நீங்களே செய்து பார்க்கலாம். நண்பரும் நீங்களும் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு நான்கு எண்களாக 16 பக்கம் எழுதி, போனில் சொல்லிச் சொல்லி நண்பரை எழுதச் செய்யுங்கள். நடுவில் ஓரிடத்தில் அவர் வேண்டுமென்றே 36-ஐ 63 என்று எழுதட்டும், எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டாம். முழுவதையும் மறுபடி படிக்காமல் பிழையைப் பிடிக்க வேண்டும். இலக்கங்களை வெறுமனே கூட்டினால் அகப்படாது. 3-உம் 6-உம் எப்படி மாறினாலும் 9தான். பக்கத்தின் முதல் இலக்கத்தை 1-ஆல், இரண்டாவதை 2-ஆல், மூன்றாவதை 3-ஆல் என்று பெருக்கிக் கூட்டுங்கள். தொடக்கத்தில் 36 இருந்தால் 15, 63 இருந்தால் 12, வேறுபாடு தெரிந்துவிடும். ஒவ்வொரு பக்கத்துக்கும் இப்படி ஒரு தொகை கண்டு, முதல் 8 பக்கத் தொகைகளின் கூட்டலை மட்டும் ஒப்பிடுங்கள். ஒத்திருந்தால் பிழை பின்பாதியில். அதையும் பாதியாக்குங்கள். 16 பக்கத்துக்கு நான்கே ஒப்பீடு. 1,024 பக்கமானாலும் பத்துதான். பெரிய களஞ்சியங்கள், ஆயிரம் மைலுக்கு அப்பாலிருக்கும் நகலோடு ஏறக்குறைய இந்த விளையாட்டைத்தான் இரவும் பகலும் ஆடுகின்றன. அவற்றின் பெருக்கல் முறை இதைவிட வலுவானது, அவ்வளவே.

அலுவலகத்துக் கதையை முடிக்கவில்லை அல்லவா? பெரியவரின் ரசீதுகளை மேசையில் பரப்பி, எண் வாரியாகக் கணிப்பொறியில் ஏற்றினோம். செய்தி பரவி, மற்றவர்களும் தங்கள் ரசீதுகளோடு வந்தார்கள், சிலரிடம் இல்லை. அவர்களுக்காக அலுவலகத்தின் அடிக்கட்டைகளைத் தேடி எடுத்து, நான்கு நாள் உட்கார்ந்து எழுதினோம். நான்காம் நாள் மாலை சேலத்து நகலைத் திறந்து, அதே பெரியவரின் பக்கத்தை அதிலிருந்து அச்சடித்து அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தம் ரசீதுகளோடு வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்தார். "சரியா இருக்குதுங்க தம்பி" என்றார். பிறகு ரசீதுக் கட்டுக்கு மறுபடி ரப்பர் வளையம் போட்டு, பத்திரமாக மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டார்.